நிலைக்கு அடியில் ஒரு புதிய இனம்

மேசை மேல் வைத்திருந்த சங்கைக் காணவில்லை. விலங்கியல் பேராசிரியர் சிவசண்முகம் அலமாரியைக் கலைத்தார், மெத்தையைப் புரட்டினார், கடைசியில் மனைவியைக் கூப்பிட்டார்.

"ராணி, இங்கன இருந்த சங்கு எங்க?"

"காலையில புது வீட்டுல வாசல் நிலை வச்சோம்லா? நிலைக்கு அடியில போடக் கொத்தனார் சங்கு கேட்டாரு. நீங்க வகுப்பு இருக்குன்னு ஓடிட்டீய. நல்ல நேரம் போயிரும்னு மேசையில கிடந்தத எடுத்துக் கொடுத்துட்டேன்" என்றாள் முத்துராணி.

அது லேசுப்பட்ட சங்கு அல்ல. சங்குப் பேரினம் முழுவதும் கடலில் புழுக்களை வேட்டையாடித் தின்று வாழ்வது என்றுதான் உலகம் நம்பிக்கொண்டிருந்தது. போன மாதம் வீடு கட்ட இறக்கிய ஆற்று மணலில் அவர் ஒன்றைக் கண்டெடுத்தார். கடல் சங்குக்கு ஆற்றில் என்ன வேலை? ஆகவே இது புதிய இனம். தாமிரபரணியின் பெயரையும் சூட்டி, சென்னைக்கு எழுதிப் போட்டுவிட்டார். வகைப்பாட்டில் கரைகண்ட பேராசிரியர் சாலோமி அதையும் அது கிடைத்த மணலையும் பார்க்க இன்று மாலை புது வீட்டுக்கே வருகிறார். அவர் தலையசைத்தால் துறைத் தலைவர் நாற்காலி சிவசண்முகத்துக்குத்தான்.

"ஈரச் சிமென்ட்தான, அஞ்சு நிமிஷ வேலை" என்று புது வீட்டுக்கு ஓடினார்.

கொத்தனார் முத்துமாலை பதறினார். "வச்ச நிலைய அசைக்கக் கூடாது சார்."

"பைய நெம்பும் வே. நான் பொறுப்பு."

"அந்த ஆளு பேச்சக் கேக்காதீய மருமவனே" என்றாள் மாமியார் வடிவம்மாள். ஒரு மாதமாகவே அவளுக்குக் கொத்தனாரைக் கண்டால் ஆகாது.

கடப்பாரை போட்டதும் நிலை இடப்பக்கம் சாய்ந்தது. முட்டுக் கொடுக்கச் சொன்னார். முட்டு கொடுத்ததில் வலப்பக்கச் சுவர் வாய் பிளந்தது. சுவரைத் தாங்கப் போன முத்துமாலை கையை எடுக்க முடியாமல் அங்கேயே நின்றுவிட்டார்.

"சார், விழப்போவுது!"

"விழட்டும் வே, வழி விடுதுல்லா!"

நிலை மொத்தமாக விழுந்தது. குழிக்குள் மஞ்சளும் சிமென்ட்டும் அப்பிய சங்கு முழுசாகக் கிடந்தது. சிவசண்முகம் அதை வேட்டியிலேயே துடைத்து நிமிரவும், வாசல் இருந்த இடத்துக்கு எதிரே சாலோமியின் கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

சாலோமி சங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சாதாரணக் கடல் சங்கு மாதிரிதான் சார் இருக்கு."

"தோற்றத்துல ஏமாந்துராதீங்க மேடம்" என்று சிவசண்முகம் நெஞ்சை நிமிர்த்தினார். "கிடைச்ச இடம்தான் சாட்சி. அந்தா தெரியுதே, அந்த ஆத்து மணல் குவியல் மேல கிடந்தது. என் கையாலயே எடுத்தேன்."

வடிவம்மாள் விருட்டென்று எழுந்தாள்.

"எடுத்தது நீங்களா மருமவனே? நிலைக்குப் போடத் திருச்செந்தூர்ல வாங்கிட்டு வந்த சங்க மணல் மேல வச்சிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். திரும்பி வந்தா காணோம். பாவம், ஒரு மாசமா நான் இந்தக் கொத்தனாரல்லா சந்தேகப்பட்டுட்டேன்!"