செம்மல் கால் நனைத்த கதை

பேட்டரி உருக்கும் ஆலைக்குப் பின்னால் ஒரு தெரு. விடிந்தும் விடியாததுமாக அங்கே ஒரு வரிசை நிற்கும். குடிதண்ணீருக்கா? இல்லை. ஆலையில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா? அதுவும் இல்லை. கால் கழுவ!

ஏன், வீட்டில் தண்ணீர் இல்லையா என்று வாய் தவறிக் கேட்டுவிடாதீர்கள், அடிக்க வருவார்கள். இது சாதாரணக் கால் கழுவல் அல்ல. ஒரு பிளாஸ்டிக் பேசின். அதில் வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீருக்குள் இரண்டு இரும்புத் தண்டுகள். தண்டிலிருந்து ஒயர் கிளம்பி, பச்சை விளக்கு எரியும் ஒரு பெட்டிக்குப் போகும். காலை உள்ளே வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் சாக்கடையே வெட்கப்படும் நிறத்துக்கு வந்துவிடும். அதுதான் உடம்பிலிருந்து இறங்கிய விஷமாம்! ஆலைப் புகையில் வந்த ஈயம், தூசி, போன வருடத்துச் சளி, மாமியார் மேல் இருந்த கோபம் எல்லாம் உள்ளங்கால் வழியாக வழிந்து வந்துவிடுமாம். உடம்பில் சிறுநீரகம் என்று ஒன்று எதற்குத்தான் இருக்கிறதோ!

'கால் வைத்தால் கசடு போகும்' என்று வாசலில் பெரிய பலகை. அதன் கீழே, 'கசடு நீக்கும் செம்மல்' சிரிக்கும் படம். பட்டம் யார் கொடுத்தது? அவரே கொடுத்து அவரே வாங்கிக்கொண்டார், செலவு மிச்சம். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். உள்ளங்காலில் வேலை செய்கிறவருக்கு ஸ்டெதஸ்கோப் எதற்கு என்று அந்த வரிசையில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாரத்துக்கு வாரம் தண்ணீரின் நிறம் குறையும். கலங்காமல் நிற்கும் நாளில் செம்மல் இரண்டு கையையும் தூக்கி, "தெளிஞ்சாச்சு!" என்பார். கூட்டம் கைதட்டும். தெளிந்தவர் படம் சுவரில் ஏறும். அவரோ கைப்பை காலியாகி வீட்டுக்கு நடப்பார்.

இந்த மையத்துக்கு மின்சாரம் தந்தது ஆலை நிர்வாகம், இலவசமாக. புகைபோக்கிக்கு வடிகட்டி போடு என்று ஆலை வாசலில் கத்திக்கொண்டிருந்த ஜனங்கள், இப்போது பேசினுக்கு முன்னால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறார்கள். நிர்வாகத்துக்குக் கசக்குமா என்ன?

கசந்தது ஒருத்திக்குத்தான். அவள் நர்ஸ். பல்கலைக்கழகத்தின் செவிலியர் துறையில் ஆராய்ச்சி செய்கிறாள். இந்தத் தெருக் குழந்தைகளின் ரத்தத்தில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அவளுடைய கூடப்பிறந்த அக்கா குடியிருப்பதும் அதே தெருவில்தான். அத்தானுக்கு அதே ஆலையில் உலை வேலை.

அக்கா மகளை வீட்டில் 'வாலு' என்று கூப்பிடுவார்கள். பேர் வைத்த காலத்தில் அது பொருத்தமாகத்தான் இருந்தது. இப்போது அந்த வாலு மூலையில் சுருண்டு கிடக்கிறது. அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொள்கிறது. போன வருடம் சுவரெல்லாம் கிறுக்கிய எழுத்துகளை இந்த வருடம் மறந்துபோய் முழிக்கிறது. நர்ஸ் எடுத்துக்கொண்டு போன ரத்தத்தில் ஈயம் தாறுமாறாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அலைந்து திரிந்து ஒரு படுக்கைக்குச் சொல்லிவிட்டு, அவள் மூச்சிரைக்க அக்கா வீட்டுக்கு வந்தாள்.

"ஆஸ்பத்திரியா? எதுக்குடீ? அவளுக்குத்தான் தெளிஞ்சாச்சே!" என்றாள் அக்கா, அடுப்பைத் துடைத்தபடி. அவள் காதில் தோடு இல்லை. ஈர்க்குச்சி இருந்தது.

"என்ன தெளிஞ்சாச்சு?"

"செம்மல் சொல்லிட்டாரு. மொதல்ல வச்சப்ப தண்ணி காப்பி மாதிரி ஆச்சு. நேத்து வச்சப்ப அப்படியே கண்ணாடி! அவ படத்தக்கூட சுவத்துல மாட்டியாச்சு."

"அக்கா, அது அவ உடம்புலேர்ந்து வந்ததில்ல. உப்புத் தண்ணியில கரண்ட் விட்டா இரும்புத் தண்டு துருப்பிடிச்சுக் கரையும். அந்தத் துருதான் அது. உப்பு இல்லேன்னா கரண்டும் ஓடாது, கலங்காது. நானே ஒருநாள் வந்து பாத்தேன். புதுசா வர்றவங்களுக்கு செம்மலோட உதவியாளம்மா கரண்டி நெறைய உப்பு போடுறாங்க. தெளிய வேண்டியவங்களுக்கு வெறுங் கரண்டியத் தண்ணிக்குள்ள ஆட்டிட்டுப் போறாங்க."

"அது மூலிகை உப்புடீ. நோய்க்குத் தக்கபடி போடுவாங்க."

"ஐயோ அக்கா, ரத்தத்துல இன்னும் ஈயம் இருக்கு! விட்டா மூளையத் தின்னுடும்."

அக்கா துடைப்பதை நிறுத்தினாள். "போடீ. உங்க ஆளுங்க வந்து தெரு முழுக்க ரத்தம் எடுத்துட்டுப் போனீங்களே, யாருக்கு என்ன இருக்குன்னு ஒரு வீட்டுல வந்து சொன்னீங்களா? இன்னிக்கு என் தங்கச்சியாப் போனதுனால நீ சொல்ற. பக்கத்து வீட்டுக்காரிக்கு யார் சொல்லுவா? அந்த மனுஷன் கண்ணு முன்னால காட்டுறாரு. நான் அவர நம்புவேனா, உங்க பூட்டி வச்ச பீரோவ நம்புவேனா?"

அக்கா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு வழக்கம் ஒன்று உண்டு. ரத்தத்தைத் தெருவில் எடுக்கும், முடிவை வெளிநாட்டுப் பத்திரிகையில் போடும். ரத்தம் கொடுத்தவன் அதைப் படிக்க வேண்டுமென்றால் முதலில் இங்கிலீஷ் படிக்க வேண்டும். பிறகு காசு கொடுத்துப் பத்திரிகை வாங்க வேண்டும். அதற்குள் அவன் பிள்ளைக்கு உள்ள எழுத்தும் மறந்துவிடும்.

மறுநாள் நேரே துறைத் தலைவர் அறைக்குப் போனாள். பேராசிரியர் ஏகக் குஷியில் இருந்தார்.

"வாம்மா, நல்ல சேதி! செம்மல் மையமும் நம்ம துறையும் சேர்ந்து ஆய்வு பண்ணப்போறோம். ஞாயித்துக்கிழமை சமூகக்கூடத்துல தொடக்க விழா."

"சார், அது ஏமாத்து வேலை சார். உப்பும் துருவும்!"

"எதையும் திறந்த மனசோட பாக்கணும்மா. நம்ம முகாமுக்குக் கெஞ்சினாலும் யாரும் வர்றதில்ல. அவருக்குத் தெருவே வருது. மக்கள் பங்கேற்பு! நிதி கொடுக்கிறவங்க அந்த வார்த்தைக்கு உயிரையே விடுறாங்க."

மனசை இவ்வளவு திறந்து வைத்தால் நாய்கூட உள்ளே வந்து படுத்துக்கொள்ளும் என்று அவள் சொல்ல நினைத்தாள். சொல்லவில்லை. அவளுடைய ஆராய்ச்சிப் பட்டம் அவர் கையெழுத்தில் இருந்தது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்குப் போனாள், வாலுவின் பிளாஸ்டிக் பொம்மையைப் பைக்குள் வைத்துக்கொண்டு.

கூடம் பிதுங்கி வழிந்தது. வாசலில் செருப்பு மலை. மேடையில் செம்மல், பக்கத்தில் பேராசிரியர், அந்தப் பக்கம் ஆலை மேலாளர். முன்வரிசையில் அக்கா, மடியில் வாலு. தெளிந்த குழந்தைக்கு முதல் மரியாதையாம்!

செம்மல் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "இந்த ஊர்க் காத்துல விஷம். மண்ணுல விஷம். ஆனா என்னப் பாருங்க! தெனமும் காலைல நான் பேசின்ல கால் வைக்கிறேன். என் உடம்பு கண்ணாடி! ஒரு துளி கசடு கிடையாது!"

கைதட்டலில் கூரை அதிர்ந்தது.

முதலில் பேராசிரியர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உதவியாளம்மா கரண்டி நிறைய உப்பைப் போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது. தண்ணீர் கலங்கியது. மருந்துக்கடைக் கஷாயம் மாதிரி ஆயிற்று.

"பாத்தீங்களா! ஒரு பேராசிரியர் உடம்புலயே இவ்வளவு!" என்றார் பேராசிரியர், பரிசு வாங்கியவர் போல.

"ஐயா, நானும் ஒருத்தரோட கால வைக்கணும்" என்று நர்ஸ் மேடையேறினாள். புதுத் தண்ணீர், புது உப்பு. பைக்குள்ளிருந்து பொம்மையை எடுத்து அதன் இரண்டு காலையும் பேசினில் இறக்கினாள்.

கூடம் 'கொல்'லென்று சிரித்தது. பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. பொம்மையின் காலடியில் தண்ணீர் மஞ்சளாகி, பழுப்பாகி, பேராசிரியருடையதைவிட ஒரு படி மேலே போய்விட்டது.

"பிளாஸ்டிக் பொம்மைக்கு ஏதுங்க ரத்தம்? ஏதுங்க கசடு?" என்றாள் நர்ஸ்.

செம்மல் லேசுப்பட்ட ஆளா? கண் இமைக்கவில்லை. "பொம்மை யாரோடது? குழந்தையோடது! அவ மூச்சு, வேர்வை, எச்சில் எல்லாம் அதுல ஏறியிருக்கு. குழந்தைய விட்டு ஓடின விஷம் பொம்மையில ஒளிஞ்சிருக்கு. என் கருவி அதையும் கண்டுபிடிச்சிருச்சு! பொம்மைக்கும் சிகிச்சை தேவை!"

கூடம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டியது. "அட, எங்க வீட்லயும் ஒரு பொம்மை இருக்கே" என்று இரண்டு தாய்மார்கள் எழுந்தே போய்விட்டார்கள், எடுத்து வர! அக்கா நர்ஸைப் பார்த்து, 'இப்ப என்ன சொல்ற?' என்பதுபோல் முகத்தைத் தூக்கினாள்.

நர்ஸின் காது மடல் சிவந்தது. பிள்ளையின் படுக்கை ஆஸ்பத்திரியில் காத்திருக்கிறது, இங்கே பொம்மைக்குப் படுக்கை போடுகிறார்கள்! அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"சரிங்கய்யா. நீங்க சொல்றதே சரின்னு வச்சுக்குவோம். கசடே இல்லாத உடம்பு வச்சா தண்ணி தெளிவா நிக்கும். அப்படித்தானே?"

"சந்தேகமென்ன!"

அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இந்த ஊர்ல கசடே இல்லாத உடம்பு யாரோடது?"

"செம்மலய்யாவோடது!" கூடம் ஒரே குரலில் கத்தியது.

"அப்ப அவர் காலால தெளிஞ்ச தண்ணியப் பாக்கணுமா, வேணாமா?"

"பாக்கணும்! பாக்கணும்!"

செம்மலின் சிரிப்பு ஓரத்தில் சுருங்கியது. "எனக்குன்னு தனிப் பேசின் இருக்கு. அம்மா, அதத் தயார் பண்ணுங்க..."

"எதுக்குங்க சிரமம்? அடுத்து வரப்போற பெரியவருக்கு இப்பத்தானே உப்பு போட்டு வச்சிருக்காங்க. அதுலயே வைங்க."

"அது... நோயாளிக்கு உண்டானது. எனக்கு இன்னிக்குக் கொஞ்சம் ஜலதோஷம்..."

அவர் முடிக்கவில்லை. கூட்டம் மேடையேறிவிட்டது. சந்தேகப்பட்டு ஏறவில்லை, ஐயா! பக்தியில் ஏறியது. "வைங்கய்யா! நாங்க கண்குளிரப் பாக்கணும்!" ஒருவர் அவர் சாக்ஸைக் கழற்றினார். இன்னொருவர் கால்சட்டையை மடித்தார். நாலு பேர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். பக்தரிடம் மாட்டிக்கொண்ட கடவுளுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. யாரோ பெட்டியைத் தட்டினார்கள். பச்சை விளக்கு எரிந்தது.

தண்ணீர் மஞ்சளாயிற்று. பழுப்பாயிற்று. கறுத்தது. மேலே அழுக்கு நுரை வேறு கட்டியது.

வாலுதான் முதலில் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சித்தி, இவருக்கு என்னவிட ஜாஸ்தி இருக்கே. ஊசி போடுவாங்களா?"

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அய்யா, இத்தன நாளாக் காலைல நீங்க என்னத்தத்தான் கழுவுனீங்க?"

நர்ஸ் விடவில்லை. வேறு பேசினில் நல்ல தண்ணீர் ஊற்றினாள். உப்பு போடவில்லை. "சார், மறுபடி உக்காருங்க." பேராசிரியர் உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது. தண்ணீர் அப்படியே நின்றது. "சாருக்கும் தெளிஞ்சாச்சுடோய்!" என்று யாரோ கத்த, பேராசிரியர் ஈரக்காலோடு இறங்கி ஓரமாகப் போனார்.

பேசினில் இப்போது யார் காலும் இல்லை. நர்ஸ் கரண்டியை எடுத்து அக்காவிடம் நீட்டினாள். "நீயே போடுக்கா."

அக்கா வாலுவை இறக்கிவிட்டு வந்தாள். கரண்டி நிறைய உப்பு. கொட்டினாள். கால் இல்லை, பொம்மை இல்லை, வெறும் தண்ணீர், வெறும் தண்டு. மெல்ல மெல்ல, முதல் நாள் தன் மகளின் காலடியில் பார்த்த அதே காப்பி நிறம்.

அக்கா கரண்டியைக் கீழே போட்டாள். "பாவி! இதப் பாத்துட்டுத்தானேடா என் புள்ளைக்கு ஆஸ்பத்திரி வேணாம்னேன்!"

செம்மல் அங்கே இல்லை. வெறுங்காலோடு, வெள்ளைக் கோட்டோடு, பின்வாசல் பக்கம் பாய்ந்துகொண்டிருந்தார். அதே வாசலில் ஆலை மேலாளர் அவருக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார். இளைஞர்கள் செம்மலைக் கோட்டு நுனியில் பிடித்து, காவல் நிலையத்துக்கு நடத்திப் போனார்கள். மேலாளரைப் பிடிக்க யாருக்கும் தோன்றவில்லை. பாருங்கள், புகை விட்டவன் வீட்டுக்குப் போகிறான், உப்பு போட்டவன் சிறைக்குப் போகிறான்!

அன்றைக்கே வாலு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். ஈயத்தை இறக்குகிற நிஜ மருந்து கசந்தது, நாள் பிடித்தது, யாரும் கைதட்டவில்லை. அத்தான் உலைத் தூசி படிந்த சட்டையை ஆலையிலேயே கழற்றிவிட்டு வரக் கற்றுக்கொண்டார். மறந்த எழுத்தெல்லாம் திரும்பி வருமா என்று அக்கா கேட்டாள். "தெரியலக்கா" என்றாள் நர்ஸ். பொய் சொல்ல மனசு வரவில்லை.

பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு, "அருமையான சம்பவம்மா, இத ஒரு கட்டுரையா எழுதிடுவோம்" என்றார்.

"எழுதலாம் சார். மொதல்ல பீரோச் சாவியக் கொடுங்க."

அன்று சாயங்காலமே முடிவுகளை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். பக்கத்து வீட்டில் தொடங்கினாள். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, எந்தப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது, என்ன செய்ய வேண்டும் என்று தமிழில் சொன்னாள். கேட்டவர்கள் கும்பலாகக் கிளம்பினார்கள், இந்தத் தடவை ஆலை வாசலுக்கு.

கதை முடிந்தது. ஆனால் மகாஜனங்களே, அடுத்த ஊரில் ஒரு பேசினும் பச்சை விளக்கும் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கின்றன. தாராளமாகப் போங்கள். உள்ளே நுழையும்போது செருப்பைக் கழற்றி வாசலில் விடுங்கள். தலையையும் சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுப் போகாதீர்கள். உப்பு போட்டது யார் என்று கேட்க அது ஒன்றுதான் உங்களிடம் இருக்கிறது.