துரை வருகிறார், பள்ளத்தை மூடு!

ஊருக்கு ஊர் ஒருவர் இருக்கிறார். தோட்டத்துக்குத் தோட்டம் இரண்டு பேராவது இருக்கிறார்கள். குறையைப் பார்க்கப் பெரிய மனிதர் வருகிறார் என்றதும், அவர் வந்து சேருவதற்குள் அந்தக் குறையை ஒளித்து வைத்துவிடுகிற இந்த இனத்துக்கு 'வரவேற்புத் திலகம்' என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். இதைவிட நல்ல பெயர் இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

எங்கள் திலகம் தண்டல் பக்கிரிசாமி. திகாம் பத்து என்னும் சிற்றூருக்கு அப்பால், ரப்பர் மரங்களுக்கு நடுவே கிடக்கும் எங்கள் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவர். நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கும் பால் வெட்டும் காட்டுக்கும் இடையே ஓர் அல்லூர் ஓடுகிறது. வெயில் காலத்தில் அது வாய்க்கால். மழை பெய்தால் ஆற்றுக்கே அண்ணன். அதைக் கடக்க இரண்டு தென்னந்துண்டுகள். ஒன்று உளுத்துவிட்டது, மற்றது உருளுகிறது. பிள்ளைத்தாய்ச்சியான மருதம்மாள் பால் வாளிகளோடு அதில் சறுக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்தாள். வயிற்றுப் பிள்ளை தப்பியதே பெரிது.

இனிப் பொறுப்பதில்லை என்று பெண்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டில் துரையையே மறித்துக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகத் துரை சொல்லிவிட்டார். அவர் வருகைக்கான ஏற்பாட்டைக் கவனிப்பது யார்? கேட்கவும் வேண்டுமா?

திலகம் வழியெல்லாம் புல் செதுக்க வைத்தார், லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வைத்தார், வண்ணக் காகிதத்தில் தோரணம் கட்டினார், வாழைமரம் நட்டார், அதுவும் போதாமல் அந்தத் தென்னந்துண்டுகளை இழுத்துப் புதருக்குள் தள்ளிவிட்டு, மாரியம்மன் திருவிழா மேடைக்கென்று கோயிலில் அடுக்கியிருந்த கனமான பலகைகளைத் தூக்கிவந்து கரைக்குக் கரை பாலம் போட்டார். பலகைமேல் விரிக்க வெள்ளை வேட்டி வேறு.

"ஏண்ணே, உளுத்த மரத்தக் காட்டத்தானே துரையக் கூப்பிட்டோம்?" என்றாள் மருதம்மாள்.

"நல்லா இருக்கு நீ பேசுறது! துரை வழுக்கி விழுந்தா தோட்டத்து மானம் என்னாவுறது?"

மருதம்மாள் விழுந்தால்? அதில் மானப் பிரச்சினை ஏதுமில்லை.

துரை வந்தார். மாலையை வாங்கிக்கொண்டார். பலகைமேல் நடந்தார், பூட்ஸ் காலால் இரண்டு தட்டுத் தட்டி, மலாய்ச் சொல்லில் மெச்சினார்.

"பாகுஸ், தண்டல்! பாலம் நல்லா இருக்குது. பின்னே என்ன கம்ப்ளேன்?"

"ஒரு கொறையும் இல்லீங்க, துரை" என்றார் திலகம், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வாழைமரத்தைப் பிடுங்கி அவர் தலையிலேயே நட்டிருப்பேன். துரையின் மோட்டார் கண்ணுக்கு மறைந்ததும், பலகைகளைத் தூக்க ஆட்களோடு வந்து நின்றார் திலகம். மருதம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், பாலத்தின் நட்ட நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எந்திரிம்மா, சாமிப் பலகை!"

"சாமி கோச்சுக்காது. இதத் தொட்டீங்க, இங்கயே படுத்துப் புள்ளையப் பெத்துக்குவேன்."

"துரை பாத்தா என்ன நெனைப்பாரு?"

"பாக்கட்டும்ண்ணே. பாத்தாத்தானே நெனைப்பாரு!"

லயத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஆட்கள் தலையைச் சொறிந்தார்கள். பலகைகள் அங்கேயே நின்றுவிட்டன. அந்த வருஷம் திருவிழா நாடகம் வெறுந்தரையில்தான் நடந்தது. ராஜா வேஷக்காரர் முகம் சுளித்தார். பாலம் கட்டிக் கொடுத்த பெருமைக்காகப் பக்கிரிசாமிக்கு மாலை போட்டார்கள். அவரும் கூச்சமில்லாமல் கழுத்தை நீட்டினார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். போன தடவை காய்ச்சலில் கிடந்தபோது, டாக்டர் வருகிறார் என்றதும் நீங்கள் என்ன செய்தீர்கள்? எழுந்து முகம் கழுவி, திருநீறு பூசி, சலவைச் சட்டை மாட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஒன்றுமில்லை டாக்டர், சும்மா கொஞ்சம் அலுப்பு" என்றீர்களா, இல்லையா? அவரும் சந்தோஷமாகக் காப்பி குடித்துவிட்டு, கொண்டுவந்த மருந்தைத் திரும்ப எடுத்துக்கொண்டே போய்விட்டார்.