கடலடி எரிமலையில் ஒரு பாலன் குடில்

அரைகுறையாக விளங்கிய ஒன்றை அடுத்தவருக்கு விளக்கும் ஆசை மனிதனுக்கு வரவே கூடாது. முழுதாக விளங்கியவர்கள் பேசாமல் இருக்கிறார்கள். ஒன்றுமே விளங்காதவர்களும் பேசாமல் இருக்கிறார்கள். நடுவில் நிற்கிற என்னைப் போன்றவர்கள்தான் ஒலிவாங்கியைத் தேடி அலைகிறோம்.

அப்போது நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் குடியிருந்தேன். துறைமுகத்தில் கிளார்க் வேலை. (உடனே கடல், கப்பல் என்று கற்பனை செய்ய வேண்டாம். என் மேசைக்கு எதிரே இருந்தது ஒரு சுவர்.) கப்பலில் வந்த யாரோ விட்டுப்போன ஆங்கிலச் சஞ்சிகை ஒன்று ஒருநாள் என் கையில் அகப்பட்டது. பிடித்தது சனி.

நடுச்சமுத்திரத்தின் அடியில், பூமியின் ஓடு பிளந்து இரண்டு பக்கமும் விலகிக்கொண்டே போகிற இடத்தில், ஒரு நீண்ட மலைத்தொடர் கிடக்கிறதாம். வெடிப்புகளுக்குள் இறங்குகிற கடல்நீர், கீழேயுள்ள நெருப்புக் குழம்பின் சூட்டில் பயங்கரமாகக் காய்ந்து, பாறையிலுள்ள உலோகங்களையும் கரைத்துக்கொண்டு, கரும்புகை மாதிரி மேலே சீறுகிறதாம். குளிர்ந்த நீர் பட்டதும் கரைந்ததெல்லாம் படிந்து, புகைபோக்கிகளாக வளர்கின்றனவாம். வெயிலே எட்டாத அந்த இருட்டில், புகைபோக்கிகளைச் சுற்றி நண்டும் இறாலும் புழுவும் குடும்பம் குடும்பமாகச் சீவிக்கின்றனவாம். நம்முடைய இந்து சமுத்திரத்தின் அடியிலும் இது நடக்கிறது. கொட்டாஞ்சேனையில் ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு நித்திரை போய்விட்டது.

நித்திரை போனதற்குப் பிலோமினாவும் ஒரு காரணம். எங்களுக்குள் எல்லாம் பேசி முடிந்திருந்தது, அவளுடைய அம்மாவைத் தவிர. அம்மா, அதாவது மார்க்கிறட் அன்ரி, ஓய்வுபெற்ற ஆசிரியை.

"அம்மா படிச்ச மாப்பிளைதான் பாக்கிறா. நீங்கள் கிளார்க் எண்டதையே நான் இன்னும் சொல்லேல்ல," என்றாள் பிலோ.

நான் படித்தவன் என்று அன்ரிக்கு எப்படிக் காட்டுவது? அந்த நேரம் பார்த்துத்தான் எங்கள் தேவாலயப் பங்கில், நத்தாருக்கு இயேசு பிறப்பைக் காட்டும் பாலன் குடில் போட்டி வந்தது, வட்டாரத்துக்கு ஒரு குடில். நடுவர்கள் பங்குச் சுவாமியும் மார்க்கிறட் அன்ரியும். என் மூளை, அதன் முதலும் கடைசியுமான பெரிய வேலையைச் செய்தது.

"மாட்டுத் தொழுவத்தில பிறந்தவரை ஏன்ரா கடலுக்க இறக்கிறாய்?" என்று கேட்டான் என் கூட்டாளி செபஸ்ரியன்.

"இருட்டுக்குள்ள வந்த ஒளி. அதுதானே மச்சான் கருத்து."

"சரி. மூண்டு ராசாக்களும் எப்பிடி வருவினம்? நீந்தியோ?"

"அதைச் சுவாமி கேட்டால் பாப்பம்."

கடுதாசியைக் கசக்கிக் கறுப்பு மை பூசி மலைத்தொடர் கட்டினோம். மலை நடுவில் பிளந்திருக்க, பிளவுக்குள் திருக்குடும்பம். ஆடுகளுக்குப் பதிலாகக் களிமண் நண்டுகள். மேசைக்குக் கீழே மண்ணெண்ணெய் அடுப்பில் ஒரு பெரிய பானை. பானை மூடியிலிருந்து இரண்டு குழாய்கள் மலைக்கு மேலே போகும். ஆவி கறுப்பாக வராது என்பதால் பக்கத்தில் சாம்பிராணித் தட்டு.

(யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் கொழும்பில் ஒரு தமிழன் ஒரு கையில் குழாயும் மறுகையில் குடில் விளக்குக்கான வயருமாக நடந்து போவது எத்தனை புத்திசாலித்தனம் என்று நான் சொல்லத் தேவையில்லை. சென்றிக் காவலரணில் மறித்த ஆமிக்காரருக்கு நான் கடலடி எரிமலையைச் சிங்களத்தில் விளக்கத் தொடங்கினேன். செபஸ்ரியன் என்னைக் காட்டி, "பிஸ்ஸு, சேர்," என்றான். எனக்கு மூளை சரியில்லை, விசர் என்பதை அவர் உடனே ஏற்றுக்கொண்டு, போகவிட்டார்.)

குழந்தை இயேசுவின் வளர்ப்புத் தந்தையான சூசையப்பருக்கு எங்கள் வட்டாரத்தில் இருந்த சுரூபத்தின் தலை உடைந்திருந்தது. பிலோ தன் வீட்டுச் சூசையப்பரை இரவல் வாங்கித் தந்தாள். அன்ரியின் பரம்பரைச் சொத்து அது. வருடா வருடம் அன்ரியே பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வர்ணக் குப்பிகளை வைத்து அவருக்குத் தாடியும் புருவமும் புதுப்பிப்பார். தண்ணீரில் கரைக்கிற வர்ணம். நான் அதை யோசித்திருக்க வேண்டும்.

போட்டியன்று மாலை பங்கு மண்டபம் நிறைந்திருந்தது. செபஸ்ரியன் மேசைக்குக் கீழே, சேலை மறைப்புக்குள், அடுப்போடு குந்தியிருந்தான். சனத்தின் சத்தம் கூடினால் அவன் அடுப்பைக் கூட்ட வேண்டும். அதுதான் ஏற்பாடு. நான் ஒலிவாங்கியைப் பிடித்தேன். குழாய்களில் வெள்ளையாக ஆவி வந்தது. சனம் "ஆ" என்றது. கீழே அடுப்பு உறுமியது. அன்ரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மரியாதை இருந்தது. (சத்தியமாக இருந்தது. பிலோவும் கண்டாள்.)

நான் உலோகப் படிவுகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கிய நேரம் ஒரு குழாயில் ஆவி நின்றது. உள்ளே கடுதாசி மலை ஊறி, குழாய் சரிந்து, சூசையப்பரின் உச்சந்தலைக்கு நேரே திரும்பியிருந்தது. அவருடைய நெற்றி நனைந்தது. பிறகு இரண்டு கண்களிலிருந்தும் நீர் வழிந்தது.

"சூசையப்பர் அழுறார்," என்றது முன்வரிசையில் ஒரு குரல்.

அதற்குப் பிறகு ஒருவரும் எரிமலையைப் பார்க்கவில்லை. "புதுமை, அற்புதப் புதுமை" என்று மண்டபம் முழந்தாளிட்டது. அன்ரி நெஞ்சில் கைவைத்து, "என்ர வீட்டுச் சூசையப்பர்," என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டுச் செபமாலையைத் தொடங்கினார். சனம் உரத்துச் செபித்தது. உரத்த சத்தம் கேட்ட செபஸ்ரியன், எரிமலைக்கு நல்ல வரவேற்பு என்று நினைத்து அடுப்பைக் கூட்டினான். சூசையப்பர் இன்னும் கூட அழுதார். சனம் இன்னும் உரத்துச் செபித்தது. நான் மேசையைக் காலால் உதைத்தேன். அதையும் பாராட்டு என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

சுவாமி என் காதுக்குள், "மகன், இது என்ன?" என்றார். ஆயர் இல்லத்துக்கு அறிவிக்க ஒருவர் வாசலை நோக்கி ஓடினார். வாயை மூடிக்கொண்டிருந்தால், புதுமை நடந்த வீட்டுப் பெண்ணை நான் கட்டலாம். வாயைத் திறந்தால் அன்ரியின் புதுமையும் போகும், பிலோவும் போவாள். இதை நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே கண்ணீர் மண்ணிறமாக மாறியது. புருவம் கன்னத்துக்கு வந்தது. தாடி மார்புக்கு இறங்கியது.

"அன்ரி," என்றேன். ஒலிவாங்கி கையிலேயே இருந்தது. "அது கண்ணீர் இல்லை. ஆவி. கீழ பானை கொதிக்குது."

மண்டபம் அமைதியானது. அந்த அமைதியில் அடுப்பின் உறுமல் நன்றாகக் கேட்டது. அன்ரி எழுந்து வந்து சேலை மறைப்பை விலக்கினார். வியர்வையில் குளித்த செபஸ்ரியன், "குட் ஈவினிங் அன்ரி," என்றான்.

அன்ரி பானையைப் பார்த்தார். சுரூபத்தைப் பார்த்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"அப்ப நீர் என்ர சூசையப்பரை அவிச்சுப்போட்டீர்."

"ஓம் அன்ரி."

பிலோ பக்கத்துக் குடிலின் வைக்கோல் கட்டின்மேல் விழுந்து சிரித்தாள். சுவாமி சிரிப்பை மறைக்கக் குனிந்து செருப்பைச் சரிசெய்தார், நெடுநேரம். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. நான் கட்டிய நிலம் மட்டும்தான் பிளந்திருந்தது.

அன்ரி என்னோடு கதைக்காமல் உயிர்த்த ஞாயிறும் போய்விட்டது. பிறகு சுவாமிதான் எனக்காகத் தூது போனார். "பெடியன் பொய் சொல்லமாட்டான், அதை நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள்," என்று எடுத்துச் சொன்னாராம்.

"சொல்லியிருந்தால் இண்டைக்கு என்ர வாசலில சனம் வரிசையில நிண்டிருக்கும் சுவாமி," என்றாராம் அன்ரி. தாடி போன கவலையைவிட அவருக்குப் புதுமை போன கவலைதான் பெரிது. ஆனாலும் சம்மதித்தார். சீதனத்தில் முதல் பொருளாக அந்தச் சூசையப்பரையே தந்தார். "நீரே வைச்சுப் பாரும்," என்று என் கையில் கொடுத்தார். மறுபடி வர்ணம் பூச ஒருவரையும் விடவில்லை.

இப்போது எங்களுக்கு வெள்ளவத்தையில் ஃபிளாட். மாமியாகிவிட்ட அன்ரியும் எங்களோடுதான். போன மாதம் வீட்டை ஆசீர்வதித்து மந்திரிக்க வந்த இளம் சுவாமி சுரூபத்தின் முன் நின்று, மழுமழுவென்ற முகத்தைப் பார்த்து, தாடியில்லாத புனிதரான அந்தோனியாருக்கு உரிய செபத்தைப் பக்தியோடு சொல்லி முடித்தார். மாமி "ஆமென்" என்று சொல்லிவிட்டு அவருக்கு விளக்கம் கொடுத்தார்.

"இவர் சூசையப்பர், சுவாமி. சேவ் எடுத்துவிட்டது என்ர மருமகன்."