அடுப்பு மேடையில் ஓர் அம்பு

யாரையும் எடை போடாமல் என்னால் ஐந்து நிமிடம் இருக்க முடியாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருபவரின் செருப்பில் தொடங்கி, கல்யாண ரசத்தின் புளிப்பு வரை எல்லாவற்றுக்கும் மார்க் போட்டுவிடுவேன். (நீங்கள் போடுவதில்லையா? சும்மா சொல்லாதீர்கள்.) ஆனால் எனக்கு அதற்குச் சம்பளமே கொடுத்தார்கள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பனியனைப் புரட்டிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தென்பட்டால், அந்த இடத்தைக் காட்டி ஒரு குட்டி சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். பகல் முழுக்க இதே வேலை. கண் பார்க்கும், கை ஒட்டும், நடுவில் மூளைக்கு வேலையே கிடையாது.

அப்போதுதான் சுமதி அக்கா பல்லடத்தில் வீடு கட்டினார். அவர் என் கணவருடைய அண்ணனின் மனைவி. நாங்கள் இன்னும் லைன் வீட்டில், தண்ணீர்க் குடத்தை வாசலில் வைத்துக்கொண்டு. அவருக்கு மாடி, போர்ட்டிகோ, ஊஞ்சல்! வயிறு எரிந்தது என்றால் குறைவு. அந்த நெருப்பில் கிரகப்பிரவேசச் சமையலையே முடித்திருக்கலாம்.

என் கணவருக்கு என்னைத் தெரியும். கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யாமலே நின்றார்.

“இங்க பாரு அம்மிணி, அங்க போயி ஒரு குத்தஞ் சொன்னீன்னாலும் எங்கண்ணன் மூஞ்சில நான் முழிக்க முடியாது. இப்பத்தான் ரெண்டு பேரும் மறுபடி பேச ஆரம்பிச்சிருக்கறம்.”

“வாயவே தொறக்கமாட்டனுங்க, போதுமா?”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அக்கா முன்னால் நடந்து அறை அறையாகக் காட்ட, நான் பின்னால் போனேன். ஹாலில் டைல்ஸ் ஓரம் உடைந்திருந்தது. “நல்லா இருக்குதுங்கக்கா.” படிக்கட்டில் பெயின்ட் வழிந்திருந்தது. “சூப்பருங்கக்கா.” ஜன்னல் ஒன்று கோணல். “ரொம்ப அழகுங்கக்கா.” இத்தனையும் கண்ணில் பட்டும் ஒரு குறைகூடச் சொல்லாத என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே கண் கலங்கியது.

சாப்பாட்டுக்கு முன், மேஸ்திரிக்கு வேட்டி துண்டு வைத்து மரியாதை செய்ய எல்லோரும் ஹாலில் கூடினோம். கும்பிட்டுக் குனிந்த மேஸ்திரி நிமிரவே இல்லை.

“ஏனுங்க, டைல்ஸுல இதென்னங்க செவப்பா அம்பு?”

“இங்க ஜன்னல்லயும் ஒண்ணு இருக்குது!”

“படியில வரிசையாப் போவுது பாருங்க!”

கூட்டத்தில் பாதிப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள். அந்த அம்பை அறியாதவர் யார்? எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. நானும் என் கையைப் பார்த்தேன். பாதி காலியான ஸ்டிக்கர் தாள்! கைப்பையிலிருந்து அது எப்போது கைக்கு வந்ததென்று சத்தியமாக எனக்குத் தெரியாது. (வாய்க்குப் பூட்டுப் போட்ட மனுஷன் கைக்கும் போட்டிருக்க வேண்டாமா?)

கணவர் பேயறைந்த மாதிரி நின்றார். அவருடைய அண்ணன் மெதுவாகப் போய், குனிந்து, டைல்ஸைத் தடவிப் பார்த்தார். எழுந்து தம்பியை முறைத்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

“ஏண்டா, எஞ்சினீயரும் பாத்தாரு, நானும் பாத்தேன், ஒருத்தரு கண்ணுலயும் இது படலையே! மேஸ்திரி, அம்பு இருக்கற எடமெல்லாம் சரி பண்ணிப்போட்டு வேட்டிய வாங்கிக்குங்க!”

ஹாலே சிரித்தது, மேஸ்திரியைத் தவிர. அடுத்த வாரமே அந்த வீடு ஒரு குறையும் இல்லாமல் பளபளத்தது. எல்லாம் என் கைங்கரியம்! பொறாமை இரண்டு மடங்கானதுதான் எனக்குக் கிடைத்த லாபம்.

ஆனால் ஓர் அம்பு மட்டும் மிஞ்சியது. சமையலறையில், கறுப்பு கிரானைட் அடுப்பு மேடையில் ஒட்டியிருந்தது. மேஸ்திரி தடவிப் பார்த்தார், டார்ச் அடித்துப் பார்த்தார். கீறலும் இல்லை, கறையும் இல்லை. “இதுல என்ன குத்தம், கண்ணு?” என்றார் அக்கா. நானும் உற்றுப் பார்த்தேன். அது என் வீட்டில் இல்லை என்பதைத் தவிர அந்த மேடையில் ஒரு குற்றமும் இல்லை.

அக்கா அந்த அம்பை இன்றுவரை பிய்க்கவில்லை. நோம்பி, பண்டிகை என்று போனால், சொந்தபந்தம் அத்தனை பேரும் கூடியிருக்கும்போது பார்த்துக் கேட்பார்.

“ஏங்கண்ணு, அந்தக் குத்தம் என்னன்னு கண்டுபுடிச்சயா?”

“இன்னும் பாத்துட்டுத்தான் இருக்கறனுங்கக்கா” என்பேன்.

பொய்யில்லை. போகும்போதெல்லாம் அந்த மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.