பிளக் ஓட்டையில் விழுந்ததோ, இல்லையோ

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். உங்கள் மோட்டார் சைக்கிளின் நலம் குறித்து உறுதி கூற இயலாததால் இக்கடிதம். போனில் சொல்லலாமென்றால் நா குழறும்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் உங்களிடம் என் மகளை ஒப்படைத்தேன். நீங்கள் என்னிடம் ஒப்படைத்த முதல் பொருள் இந்த வண்டி. மகளைப் பற்றி நீங்கள் இதுவரை ஒரு புகாரும் சொன்னதில்லை. என் தரப்பில்தான் தவறு நேர்ந்துவிட்டது.

நீங்கள் இருவரும் வெளியூர் கிளம்பியதிலிருந்து, சொன்னபடி இரண்டு நாளுக்கு ஒருமுறை ஸ்டார்ட் செய்துவந்தேன். நேற்று வண்டி இருமியது. திங்கட்கிழமை இதில்தான் புது வேலைக்குப் போகப்போகிறீர்கள் என்பதால், கையேட்டை இருமுறை படித்துவிட்டு, ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்யத் துணிந்தேன். ஓட்டைக்குள் ஒரு துகளும் விழக்கூடாது என்று அதில் தடித்த எழுத்தில் இருக்கிறது. ஆகவே சுற்றியிருந்த மண்ணைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, பிளக்கை இரண்டு சுற்று மட்டும் தளர்த்தி, சைக்கிள் பம்பால் காற்றடித்து, அதன் பிறகே முழுதாகக் கழற்றி, ஓட்டையைத் துவைத்த துணியால் மூடினேன். அதுவரை சரி. மூடிய பின், துணிக்குள் தூசி புகுந்திருக்குமோ என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பார்த்தேன்.

“தூக்கித் தூக்கிப் பாக்கறதுக்கு எதுக்குங்க மூடணும்?” என்றார் உங்கள் அத்தை.

ஏழாவது முறை குனிந்தபோது என் மூக்குக்கண்ணாடியின் கால் கழன்று தொங்கியது. அதைப் பிடித்திருக்கும் கடுகளவு திருகாணியைக் காணவில்லை. தரையைச் சலித்துவிட்டேன். ஓட்டைக்குள் பார்க்கலாமென்றால், கண்ணாடியை ஒரு கையில் பிடித்து, டார்ச்சை மறு கையில் பிடித்தபின், துணியை விலக்கக் கையில்லை. தெருமுனை மெக்கானிக்கிடம் போனேன்.

“உள்ள விழுந்துச்சா சார்?”

“விழுந்திருக்கலாம்.”

“விழுந்துச்சா, இல்லையா?”

“விழவில்லை என்று சொல்ல முடியவில்லை.”

“பாங்க்ல இருந்தீங்களா சார்?” என்றவர், சற்று யோசித்து, “ஸ்டார்ட் மட்டும் பண்ணிடாதீங்க. பிஸ்டன் கீறிடும். நாளைக்கு வந்து இன்ஜின் ஹெட்டைக் கழட்டிப் பாத்துடறேன்” என்றார்.

எனவே ஞாயிறன்று ஊர் திரும்பியதும் தயவுசெய்து வண்டியைத் தொடாதீர்கள். திங்கட்கிழமை பேருந்தில் போகும்படி ஆகிவிட்டது. மன்னிக்க வேண்டும். இருவரும் நீடூழி வாழ வேண்டுகிறேன்.

உங்கள் நன்மையையே எண்ணிய,
மாமனார்.

பின்குறிப்பு: இதைப் படித்துப் பார்த்த உங்கள் அத்தை, “ஐயோ, அந்தத் திருகாணி போன மாசமே தொலைஞ்சு போச்சுங்க! நான்தான் கறுப்பு நூல்ல முடிச்சுப் போட்டு வச்சேன். சொன்னா வீட்டையே கவுத்துத் தேடுவீங்கன்னு சொல்லல” என்கிறார். ஆகவே மேலே எழுதிய அனைத்தும் ரத்து. உள்ளே திருகாணி இல்லை. மெக்கானிக்கையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிளக்கையும் திரும்ப மாட்டிவிட்டேன். வண்டியைத் தாராளமாக எடுக்கலாம். சாவியை மட்டும் நானே வைத்திருக்கிறேன். அந்த நூலைக் காணவில்லை.