புருஷன் பெயர் கேட்ட பரீட்சை

பதில் தெரியாமல் பரீட்சையில் தோற்றவர்கள் உண்டு. நான் தெரிந்தே தோற்றவள். அதற்காக இன்றுவரை வெட்கப்பட்டதில்லை. (வெட்கப்பட வேறு காரியங்கள் இருக்கின்றன. அது இங்கே வேண்டாம்.)

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தவள். பல்கலைக்கழகத்தில் ரஷ்ய மொழி வகுப்பு நடந்த அறையைப் பெருக்குவது, பானையில் தண்ணீர் வைப்பது, வகுப்பு முடிந்ததும் பூட்டுவது என் வேலை. தற்காலிகம்தான். பூட்டுவதற்காக வாசலில் உட்கார்ந்திருப்பேன். மூன்று வருஷம் உட்கார்ந்ததில் பாதிப் புத்தகம் காதுக்குள் போய்விட்டது.

சோவியத் உடைந்த மறு வருஷம் பிள்ளைகள் குறைந்தார்கள். மிஞ்சியது நான்கு பேர். ஐந்து பேராவது பாஸாகாவிட்டால் வகுப்பை மூடிவிடுவோம் என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. மூடினால் வாத்தியார் சங்கரலிங்கம் சாருக்கு வேலை இல்லை. அறையைப் பெருக்குகிற எனக்கும் இல்லை.

சார் கூப்பிட்டார்.

"இசக்கி, நீயும் சேந்துரும்மா. எழுதப் படிக்கத் தெரிஞ்சா போதும்னுதான் ரூல் இருக்கு."

"நான் எட்டாவது சார்."

"எம்.ஏ. படிச்ச பய திணறும்போது வாசல்ல இருந்து நீதான சொல்லிக் குடுத்த? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்?"

வண்ணார்பேட்டையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்த என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஏட்டி, அந்த நாடே ஒடஞ்சு போச்சுன்னு ரேடியோல சொல்லுதான். அவன் பாஷையப் படிச்சு யார்ட்டப் பேசப் போற?"

"நாடுதான ஒடஞ்சுது. பேசுதவன் வாயி ஒடையலல்லா."

அவர் பஞ்சர் டியூபைத் தண்ணீரில் முக்கப் போய்விட்டார்.

மாவாட்டும்போது படித்தேன். எழுத்துப் பரீட்சையில் பாஸ். (அந்த எம்.ஏ. பையனைவிட நான்கு மார்க் கூட. யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.) இனி வாய்மொழிப் பரீட்சை. மற்ற நான்கு பேரும் தேறிவிட்டார்கள். மிச்சம் நான்.

பரீட்சை வைக்க ஒரு ரஷ்யக்கார அம்மா மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். இந்தியாவுக்கு வந்தே ஒரு மாசம்தானாம். எங்கள் ஊர் வெயிலில் தக்காளி மாதிரி சிவந்திருந்தார். பக்கத்தில் சார். அவர் வாயைத் திறக்கக் கூடாது. நான் தினமும் துடைக்கிற நாற்காலியில் அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன், அதுவும் நுனியில்.

ரஷ்ய மொழியில் கேட்டார். ரஷ்ய மொழியில் சொன்னேன். பெயர் என்ன? சொன்னேன். எந்த ஊர்? சொன்னேன். எத்தனை பிள்ளைகள்? இரண்டு. சார் முகத்தில் தீபாவளி.

"உன் கணவர் பெயர் என்ன?"

எங்கள் பக்கம் புருஷன் பெயரைப் பெண்டாட்டி வாயால் சொல்வதில்லை. சொன்னால் அவர் ஆயுசு குறையும். ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் எடுத்துக் கொடுப்பார்கள். வகுப்பில் எல்லாரும் கல்யாணமாகாத பிள்ளைகள். அதனால் சார் அப்பா பெயர்தான் கேட்பார். இது வரும் என்று அவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

அந்த அம்மா திரும்பக் கேட்டார். பைய நிறுத்தி நிறுத்தி, சத்தமாக, செவிடிக்குச் சொல்வதுபோல. நான் சாரைப் பார்த்தேன். சார் வாயைத் திறந்தார். அந்த அம்மா விரலைத் தூக்கினார். சார் மூடிக்கொண்டார்.

என் வீட்டுக்காரருக்குத் திருச்செந்தூர்ச் சாமி பெயர். (எந்தப் பெயர் என்று இங்கேயும் எழுத மாட்டேன்.) என் பர்ஸில் சாமி படம் இருந்தது. எடுத்து மேஜையில் வைத்தேன். 'இவர் பெயர்தான்' என்று சொல்ல நினைத்தேன். பதற்றத்தில் பாதிதான் வந்தது.

"என் கணவர்."

அந்த அம்மா கண்ணாடியைப் போட்டார். பென்சிலால் முகங்களை எண்ணினார். ஆறு. கைகளை எண்ணினார். பன்னிரண்டு.

"இந்தப் பெண்கள் யார்?"

வள்ளி, தெய்வானை. பொய் சொல்வானேன்?

"மனைவி. மனைவி."

"இதில் நீ எது?"

"நான் இல்லை."

"இந்தப் பறவை?"

மயில் பாடத்தில் வரவில்லை. கோழி வந்தது.

"கோழி."

அந்த அம்மா தண்ணீர் குடித்தார்.

"கணவர் என்ன வேலை பார்க்கிறார்?"

"சைக்கிள் ரிப்பேர்."

பன்னிரண்டு கைகளையும் இன்னொரு தடவை பார்த்தார். "சீக்கிரம் முடித்துவிடுவார்" என்றார்.

சாருக்கு அடக்க முடியவில்லை. மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். பிறகு அனுமதி வாங்கி எல்லாவற்றையும் விளக்கினார். அந்த அம்மாவும் கண்ணீர் வரச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இரண்டு மார்க் குறைகிறது. பெயரைச் சொன்னால் போட்டுவிடுகிறேன்" என்றார்.

சார் தமிழில் கெஞ்சினார். "ஒரு தடவ சொல்லிரும்மா. ரஷ்ய பாஷைல 'அவர் பேரு இன்னது'ன்னு சொன்னா ஆயுசு கொறையாது. சாமிக்கு அந்த பாஷை தெரியாதுல்லா."

"எட்டாவது படிச்ச நானே கத்துக்கிட்டேன். சாமிக்குத் தெரியாதா சார்?"

அந்த அம்மா பக்கம் திரும்பி ரஷ்ய மொழியில் சொன்னேன். "தெரியும். சொல்ல மாட்டேன்."

ஃபெயில்.

வகுப்பை மூடினார்கள். நான் விடுதிச் சமையலறைக்குப் பாத்திரம் கழுவப் போனேன். சார் டியூட்டோரியலில் இங்கிலீஷ் எடுக்கப் போனார். ஒரு மாசம் எங்கள் கடைப்பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் பஞ்சர் ஒட்ட வந்தவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னார். "வே, உம்ம ஆயுசுக்கு என் வேலையக் குடுத்திருக்கேன். கண்டபடி வெயில்ல அலையாதேயும்."

அன்றைக்கு வீட்டில் இவர் என்னிடம் கோபப்பட்டார். "சொல்லித் தொலச்சிருக்கலாம்லாட்டி. செத்தா போவேன்?"

"போயிட்டா இத யாரு வந்து கேப்பா?"

பிள்ளைகள் இன்னும் விடவில்லை. அப்பா வீட்டுக்கு வரத் தாமதமானால், "இன்னைக்கு வள்ளியம்மா வீடோ, தெய்வானையம்மா வீடோ" என்பார்கள்.

இவருக்கு எழுபது தாண்டிவிட்டது. சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை. நான் தோற்றது வீண்போகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். சண்டை வந்தால் மட்டும் நான் இடுப்பில் கையை வைத்து, "பேரச் சொல்லிருவேன், பாத்துக்கிடுங்க" என்பேன்.

உடனே இவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போய்விடுவார்.