போலி வைரஸ் பிடிபட்ட வரலாறு

கொரோனாவின் நற்பெயருக்குக் களங்கம் வரக்கூடாது என்று உலகிலேயே முதன்முதலாகக் களமிறங்கிய அலுவலகம் எங்களுடையதுதான். போலிப் பொருள் தடுப்புப் பிரிவு. போலி சோப்பு, போலி செருப்பு, போலி டாக்டர் என்று பார்த்துப் பார்த்து அலுத்துப்போயிருந்தோம். ஓர் ஆய்வகத்தில் ‘போலி வைரஸ்’ தயாரிக்கிறார்கள் என்று புகார் வந்ததும் அலுவலகமே துள்ளி எழுந்தது.

எங்கள் மேலதிகாரிக்கு ‘சீல்’ என்று பெயர். முதலில் சீல் வைப்பார், பிறகு விசாரிப்பார். நேர விரயத்தைத் தவிர்க்கும் நவீன நிர்வாக முறை அது. ஒருவர் மடியில் ஒருவராக ஜீப்பில் போய் இறங்கினோம்.

கதவைத் திறந்தது என் அண்ணி. ஆய்வகத்தின் தலைமை விஞ்ஞானி அவர்தான். எனக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. முன்பின் தெரியாதவன் மாதிரி கூரையைப் பார்த்தேன்.

அண்ணி பொறுமையாக விளக்கினார். நிஜ வைரஸின் மேல்முள் மட்டும்தான் இதில் இருக்கிறது. உடம்பு வேறொரு சாது வைரஸுடையது. செல்லுக்குள் நுழையும், செல்லை மினுங்க வைக்கும், அத்தோடு சரி. பெருகாது, நோயும் தராது. தடுப்பூசி போட்டவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த நீரைச் சேர்த்ததும் மினுக்கம் குறைந்தால், இப்போது பரவும் புது வகைக்கும் பழைய ஊசி கேட்கும் என்று அர்த்தம்.

“மேல ஒரு லேபிள், உள்ள வேற சரக்கு,” என்றார் சீல். “இதுக்கு எங்க ஆபீஸ்ல கலப்படம்னு பேரு.”

“வேணும்னேதான் சார் அப்படிப் பண்றோம்.”

இது ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்று பதிவாயிற்று. சீல் மேற்படி போலிச் சரக்கு உறைந்திருந்த குளிர்பெட்டியின் பிளக்கை நோக்கி நடந்தார்.

“தம்பி, அதை மட்டும் பிடுங்க விடாதீங்க.” அண்ணி என் பக்கம் திரும்பினார். “உருகிட்டா எல்லாம் வீணாப் போயிடும். ஊசி கேக்குமான்னு நாளைக்குத் தெரிஞ்சிரும்.”

கூரை அன்று மிகவும் சுவாரசியமாக இருந்தது. பிளக் பிடுங்கப்பட்டது, பெட்டிக்கு அரக்கு முத்திரை விழுந்தது. அண்ணி அழுதே விட்டார்.

அடுத்து, தரமான அசல் வைரஸை உடனே தயாரித்துக் காட்ட வேண்டும், தவறினால் உரிமம் ரத்து என்று சீல் அறிவித்தார். அறிவித்து முடிப்பதற்குள் அவருக்கு இருமல் பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் எல்லோர் மேலும் பாரபட்சமின்றித் தெறித்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீலின் மூக்கில் ஒரு குச்சியை விட்டு எடுத்து, பரிசோதனை அட்டையில் சொட்டுவிட்டார். இரண்டு கோடு விழுந்தது.

“தயாரிக்க வேண்டாம் சார். நீங்களே கொண்டு வந்திருக்கீங்க.”

“அசல்தானாம்மா?” என்று குழைந்தார் சீல்.

“சுத்தமான அசல் சார்.”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. பணிக்காலத்தில் முதன்முறையாக ஓர் அசலைக் கண்டுபிடித்த பெருமிதத்தில் எங்கள் ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார். அன்று மாலையே தலைமை அலுவலகத்தில் பாராட்டு விழா. கூட்டம் நெருக்கியடித்தது, சீல் எல்லோருக்கும் கைகொடுத்தார்.

பெருகத் தெரியாத போலியை இவ்வாறாக அடியோடு ஒழித்துவிட்டோம். அசல் இப்போது வீட்டுக்கு வீடு தாராளமாகக் கிடைக்கிறது. அண்ணனுக்கும் கிடைத்துவிட்டது; ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடக்கிறான். போட்ட ஊசி கேட்குமா என்று அண்ணி டாக்டரைக் கேட்கிறார், அதை உங்கள் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும் என்கிறார் டாக்டர். அண்ணி என்னைப் பார்க்கிறார். அந்தப் பதிலுக்குத்தான் நாங்கள் சீல் வைத்துவிட்டோமே!